பென்ஷனும் அத்திப்பள்ளி தாண்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பட்ஜெட் சீசன் வந்துட்டா போதும், ஒவ்வொரு மாநில சமூக நலத்துறையும் இந்த வருஷம் எங்க முன்னுரிமை இதுதான்னு ஒரு நீள லிஸ்ட் விடுவாங்க, முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள், போதை ஒழிப்பு, விழிப்புணர்வு முகாம்னு. படிச்சா எல்லாம் நல்லாத்தான் இருக்கும், யாரு வேண்டாம்னா. ஆனா நான் பெங்களூர் அல்சூர்ல நம்ம தமிழ் ஜனங்களுக்கு பென்ஷன், ரேஷன், ஆதார் ஃபார்ம் எல்லாம் ரொப்பி குடுக்கிற ஆளு, ரிட்டயர் ஆனதுக்கப்புறம் பொழுது இப்படித்தான் போகுது, எங்கிட்ட வர்ற பாதி சிக்கல் அந்த லிஸ்ட் எதுலயும் இல்ல. ஏன்னா அது ஒரு மாநிலத்துக்குள்ள நடக்கிற சிக்கலே இல்ல, ஒரு மாநிலத்த விட்டு இன்னொண்ணுக்கு வர்றப்ப ஆரம்பிக்கிற சிக்கல்.

எங்க தெருவுல ஒரு பெரியம்மா இருக்காங்க, திருப்பத்தூர் பக்கம், வீட்டுக்காரர் போனப்புறம் இங்க பொண்ணு வீட்டுக்கு வந்துட்டாங்க. ஊர்ல வாங்கிட்டு இருந்த முதியோர் பென்ஷன் விசாரணைக்கு வந்தப்ப வீடு பூட்டி இருந்துச்சுன்னு நின்னு போச்சு. சரி, இங்க அப்ளை பண்ணலாம்னு பாத்தா இந்த ஊர் அட்ரஸ் ப்ரூஃப் கேக்கறாங்க, இந்த ஊர் ரேஷன் கார்டு கேக்கறாங்க, அது வேணும்னா அந்த ஊர் கார்டுல பேர் நீக்கணும், நீக்கறதுக்கு அங்க போகணும், போனா பொண்ணு ஒரு நாள் கூலிய விட்டுட்டு கூட போகணும். அந்தம்மா இப்ப ரெண்டு பக்கத்து கணக்குலயும் இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா, அரிசிக்கு இந்தப் பிரச்சனை இல்ல! ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு வந்ததுல இருந்து (தமிழ்நாடு 2020 அக்டோபர்ல சேந்துச்சு, 2022 ஜூன்ல அஸ்ஸாமும் வந்து நாடு முழுக்க முடிஞ்சுது) முன்னுரிமை கார்டு இருந்தா விரல் ரேகை வச்சு எந்த மாநிலத்துலயும் தலைக்கு 5 கிலோ வாங்கிக்கலாம். அரிசி கர்நாடக எல்லையில இருக்கிற அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி வந்துடுச்சு, பென்ஷன் இந்தப் பக்கம் வராம ஓசூர்லயே நின்னுடுச்சு. காரணம் புரியாம இல்ல. அந்த அரிசி மத்திய அரசு குடுக்கறது, கணக்கு சுலபம், பென்ஷன்ல மாநிலத்து காசு கலந்திருக்கு. கலந்திருக்குன்னா, பெரும்பகுதியே மாநிலத்து காசுதான். மத்திய அரசு பங்கு 2007ல இந்திரா காந்தி பேர்ல முதியோர் பென்ஷன் ஆரம்பிச்சப்ப 200 ரூபா, இன்னிக்கும் 60ல இருந்து 79 வயசு வரைக்கும் அதே 200 ரூபாதான், 80 தாண்டினா 500. ஒரு கேஸ் சிலிண்டர் என்ன விலைன்னு பாத்துக்கங்க. மிச்சத்த மாநிலங்கதான் போடறாங்க, தமிழ்நாட்டுல 2023 ஆகஸ்ட்ல 1,000த்த 1,200 ஆக்குனாங்க, ஆந்திராவுல 2024ல 4,000 ஆக்கிட்டாங்க, அதனால உங்க ஊர் ஆளுக்கு எங்க காசு எதுக்குன்னு ஒருத்தர ஒருத்தர் பாக்கறது இயல்புதான்.

இதப் பேசி தீக்க இடம் இல்லையான்னா இருக்கு. 1956 மாநில மறுசீரமைப்பு சட்டத்துலயே மண்டல கவுன்சில்னு வச்சிருக்காங்க, தெற்கு மண்டலத்துல கர்நாடகா, தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி. மத்திய உள்துறை அமைச்சர் தலைவர், முதலமைச்சர்கள் வருஷத்துக்கு ஒருத்தரா துணைத் தலைவர். அது என்ன பேசலாம்னு சட்டமே சொல்லுது, பொருளாதார, சமூகத் திட்டமிடல்ல பொதுவான எந்த விஷயமும், எல்லைத் தகராறு, மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கு நடுவுல போக்குவரத்து. மொழிச் சிறுபான்மையினர்னா நாமதான சார்! ஆனா 30வது கூட்டம் திருவனந்தபுரத்துல நடந்தது 2022 செப்டம்பர்ல, அதாவது 66 வருஷத்துல 30, ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு கூட தேறல. அதுலயும் பெரியவங்க உக்காந்தா தண்ணி, மின்சாரம், ஆந்திரா-தெலங்கானா பிரிவினை பாக்கின்னு பேச்சு போயிடும், பெரியம்மாவோட 1,200 ரூபா எங்க வரப்போகுது.

அதனால நான் கேக்கறது, முதலமைச்சர்கள் வரைக்கும் போக வேண்டாம், ஆறு இடத்து சமூக நலத்துறை செயலாளர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை தனியா உக்காரட்டும், முப்பது தலைப்பு வேண்டாம், ரெண்டு மூணு போதும். எத எடுக்கறதுன்னு அளவுகோல் ரொம்ப சிம்பிள், ஒரு மாநிலம் தனியா பண்ண முடியற எதையும் அங்க எடுத்துட்டு வரக்கூடாது. அங்கன்வாடிக்கு பெயின்ட் அடிக்கறது, விழிப்புணர்வு பேரணி இதெல்லாம் அவங்கவங்க ஊர்லயே பாத்துக்கட்டும்.

அப்படி சலிச்சா முதல்ல மேல நிக்கறது பென்ஷன்தான். காசு பேங்க் அக்கவுண்டுக்கு போகுது, பேங்குக்கு எல்லை கிடையாது, ஆள் உயிரோட இருக்காங்களா, எங்க இருக்காங்கன்னு பாத்து எழுதிக் குடுக்க ஒரு ஆபீசர் வேணும், அவ்வளவுதான். பெங்களூர்ல இருக்கிற ஆள பெங்களூர் ஆபீசர் பாத்து சொன்னா தமிழ்நாடு ஏத்துக்கணும், அதே மாதிரி ஓசூர்ல இருக்கிற கன்னடக்காரருக்கும். புது இடத்துல பென்ஷன் ஆரம்பிக்கற வரைக்கும் பழைய இடத்துல நிறுத்தக்கூடாது. ரெண்டு பக்கமும் வாங்கிடுவாங்கன்னு பயந்தா ஆதார் எதுக்கு இருக்கு? அரசாங்க வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்களுக்கு 2014ல இருந்து ஜீவன் பிரமாண் இருக்கு, எங்க இருந்தாலும் உயிர்ச் சான்று குடுக்கலாம், இப்ப போன்ல முகத்த காட்டினாலே போதும். அந்த வசதி இந்த மாதிரி பெரியம்மாவுக்கு ஏன் இல்ல?

ரெண்டாவது கட்டடத் தொழிலாளர் நல வாரியம். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் பக்கம் போய் பாருங்க, தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை ஆளுங்க எத்தன பேர் சாரத்துல நிக்கறாங்கன்னு. 1996 செஸ் சட்டம் வந்ததுல இருந்து கட்டடச் செலவுல ஒரு சதவீதத்த செஸ்ஸா, அதாவது தொழிலாளர் நல வரியா பிடிக்கறாங்க, அது கர்நாடகா வாரியத்துக்கு போகுது, ஆனா மேஸ்திரியோட கார்டு பல பேருக்கு ஊர்ல, தமிழ்நாடு வாரியத்துல. இங்க பதிவு பண்ணணும்னா போன 12 மாசத்துல 90 நாள் வேலை பாத்ததுக்கு சான்று வேணும், மூணு மாசத்துக்கு ஒரு சைட்டு மாறுறவனுக்கு எந்த கான்ட்ராக்டர் கையெழுத்து போடுவான்? கட்டடம் இங்க, செஸ் இங்க, கார்டு அங்க, கால் உடைஞ்சா எங்கயும் இல்ல.

ஜாதி சான்றிதழ ஏன் சொல்லலன்னு கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) நண்பர்கள் என்ன திட்டுவாங்க, தெரியும். ஒரு மாநிலத்து எஸ்சி இன்னொரு மாநிலத்துல அந்த சலுகைய கேக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1990லயே சொல்லியாச்சு, அது அரசியலமைப்பு சம்பந்தப்பட்டது, செயலாளர்கள் டீ குடிச்சு தீக்கற சமாச்சாரம் இல்ல. அதயும் லிஸ்ட்ல சேத்தா பென்ஷனும் சேந்து முங்கிடும்.

இன்னொண்ணு, போன வருஷம் முடிவு பண்ணதுல எது நடந்துச்சு எது நடக்கலன்னு சொல்லிட்டுத்தான் புது லிஸ்ட் எழுத உக்காரணும். கூட்டத்துல ரெண்டு கவுன்ட்டர் கிளார்க்கையும் உக்கார வைங்க, எந்த பேப்பர் எங்க நிக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

உங்க பத்திரிகை தமிழ்நாட்டுலயும் வருது, இங்கயும் வருது. அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னாடி ரெண்டு மாநிலத்து நலத்துறையையும் இந்த பென்ஷன் விஷயத்த ஒரே கேள்வியா கேட்டு, அவங்க சொல்ற பதில பக்கத்து பக்கத்துல போட்டீங்கன்னா நான் வெட்டி எடுத்து ஃபார்ம் எழுத வர்றவங்களுக்கு காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூர்