இஎம்டி லோகோ எஞ்சின்களுக்குத் துத்தநாகம் இல்லாத லூப் ஆயில் கோரி மனு

அனுப்புநர்:
டீசல் லோகோ பராமரிப்புப் பிரிவுத் தொழில்நுட்பப் பணியாளர்கள்

பெறுநர்:
உயர்திரு தலைமை இயந்திரப் பொறியாளர் அவர்கள்

பொருள்: லூப் ஆயில் (எஞ்சின் மசகு எண்ணெய்) கொள்முதல் விதியில் துத்தநாக வரம்பைச் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கொள்முதல் ஆவணத்தில் இப்போது ‘டீசல் எஞ்சின் ஆயில், எஸ்ஏஇ 40’ என்று மட்டுமே இருக்கிறது. ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை இது சொல்லும். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. இஎம்டி (எலெக்ட்ரோ-மோட்டிவ் டீசல் என்ற அமெரிக்க நிறுவனம்) வடிவமைத்த 645, 710 எஞ்சின்களுக்கு வினை வருவது கலந்திருப்பதில்தான்.

இவை இரண்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியும் தறுவாயில் ரிஸ்ட் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளை) மீதான சுமை ஒரு கணம் திசை மாறும். அப்போது பின்னுக்கும் பேரிங்குக்கும் இடையில் ஆயில் புகுந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தக் கணமே கிடையாது. பின் மீது சுமை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும்; அதுவும் முழுச் சுற்று சுற்றாமல் ஊஞ்சல் மாதிரி ஆடும். அதனால்தான் பிஸ்டன் கேரியரில் (பிஸ்டனைத் தாங்கும் உள்பாகம்) உள்ள பேரிங்குக்கு வெள்ளி முலாம் பூசுகிறார்கள். லாரி, ஜெனரேட்டர் எஞ்சின்களுக்கான 15டபிள்யூ-40 ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மம் போடுவது வழக்கம். இரும்புக்கு அது நல்லது. வெள்ளியை அரித்துவிடும்.

இஎம்டி எஞ்சின் ஆயிலில் துத்தநாகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் கூடாது. 1,200 பிபிஎம் துத்தநாகம் உள்ள ஆயிலில் 20 லிட்டர் வாளி ஒன்றை, 1,000 லிட்டர் உள்ள சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) தவறுதலாக ஊற்றினாலே அளவு 23 பிபிஎம்மைத் தாண்டும். இரவு ஷிப்டில் இருட்டில் டாப்-அப் செய்யும்போது லோகோ ஆயில் டிரம்மும் மற்ற ஆயில் டிரம்மும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

கெடுதல் உடனே வெளியே தெரியாது. முதலில் முலாம் கறுக்கும். பிறகு பேரிங் தேய, பிஸ்டன் சற்றுக் கீழே உட்காரும். பிஸ்டன் தலையில் ஈயக்கம்பி வைத்து எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால், சிலிண்டர் ஹெட்டில் இடித்து நசுங்கிய கம்பியின் தடிமன் முந்தைய அளவைவிடக் கூடியிருக்கும். அப்போதே கண்டுபிடித்தால் அந்த ஒரு பவர் அசெம்பிளியை (ஒரு சிலிண்டரின் ஹெட், லைனர், பிஸ்டன், ராடு சேர்ந்த தொகுதி) மாற்றுவதோடு போகும். விட்டால் பின் இறுகி, பிஸ்டன் உடைந்து, கனெக்டிங் ராடு கிராங்க்கேஸையே குத்தும். பிறகு எஞ்சினை இறக்கி, முழு ஓவர்ஹாலுக்கு அனுப்புவது தவிர வழியில்லை.

தவறான ஆயில் ஏறியபின் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் மட்டும் போதாது. ஆயில் கூலர், ஃபில்டர் டேங்க், ஸ்ட்ரெய்னர் ஹவுசிங் மூன்றிலும் பழையது தங்கும். அவற்றையும் வடித்து, ஃபில்டர்களை மாற்றி, எஞ்சினை ஓட்டிவிட்டு மறுபடி சாம்பிள் எடுக்க வேண்டும். டாப்-அப் செய்த பிறகு சாம்பிள் எடுப்பது வீண் வேலை. புது ஆயில் கலந்து எல்லா அளவும் நன்றாகவே தெரியும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே, சாம்பிள் காக்கில் முதலில் வரும் ஆயிலைக் கொட்டிவிட்டுப் பிடிக்க வேண்டும்.

எனவே, கொள்முதல் விதியில் ‘துத்தநாகம் 10 பிபிஎம்முக்கு மிகாமல்’ என்ற வரியைச் சேர்த்து, ஒவ்வொரு பேட்சுக்கும் பரிசோதனைச் சான்று கட்டாயம் என்று ஆணையிடக் கோருகிறோம். லோகோ ஆயிலுக்கென்று தனி டேங்க், தனி பம்ப், தனி நிற வாளிகள் வேண்டும். பூட்டும் தனியாக இருந்தால் நல்லது. ஆயிலில் கலந்த உலோகங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோ பரிசோதனையில் இரும்பு, செம்பு, ஈயத்தோடு வெள்ளியையும் துத்தநாகத்தையும் சேர்க்க வேண்டும். வெள்ளியின் அளவு ஒன்றிரண்டு பிபிஎம் ஏறினாலும், ஈயக்கம்பி அளவு பார்த்து முடிக்கும்வரை அந்த லோகோவை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை ஷிப்ட் பொறுப்பாளருக்கே எழுத்துமூலம் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டீசல் லோகோ பராமரிப்புப் பிரிவுத் தொழில்நுட்பப் பணியாளர்கள்