ஏழு வருஷக் கணக்கு

கயல்,

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. மாவட்ட நீதிபதித் தேர்வு எழுதுகிறாயா என்று பொங்கலன்று கேட்டேன். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுவிட்டது. திருநெல்வேலியில் வேலை அதிகம் என்கிறாள் அம்மா. இருக்கும்.

மாவட்ட நீதிபதியாக அரசியல் சட்டம் 233(2) கேட்கிற ஏழு வருஷ வக்கீல் தொழிலில் உன் ஏ.பி.பி. (அரசு உதவி வழக்கறிஞர்) வேலையும் சேரும். 2013-ல் தீபக் அகர்வால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆனால் விண்ணப்பிக்கும்போதும் தொழில் தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும். ராஜினாமா செய்துவிட்டுப் படிக்கலாம் என்று நினைக்காதே.

பிறழ்சாட்சியை நீ மடக்குவதை உன் சீனியர் மெச்சினார். சந்தோஷம். சிவில்? அங்கேதான் ஏ.பி.பி.க்கள் வழுக்குகிறார்கள். சுப்ரீம் கோர்ட்டின் 2025 அக்டோபர் தீர்ப்புக்கப்புறம் கீழ்க்கோர்ட்டு நீதிபதிகளும் வக்கீல்களுக்கான அதே இடங்களுக்குப் போட்டி போடலாம். அவர்களுக்கு சி.பி.சி. என்கிற சிவில் நடைமுறைச் சட்டம் தண்ணீர் பட்ட பாடு. தினம் ஒரு மணி நேரமாவது அதில் ஆர்டர் 21 (தீர்ப்பை நிறைவேற்றுவது), 39 (இடைக்காலத் தடை), 41 (அப்பீல்) படி. ஆர்டர் 41 ரூல் 31-ஐ மனப்பாடம் செய்தால் போதாது, அதன்படி அப்பீல் தீர்ப்பு எழுதிப் பழகு: தீர்மானிக்க வேண்டிய பிரச்சினை, முடிவு, அதற்குக் காரணம். 'கீழ்க்கோர்ட்டு சொன்னது சரி' என்று ஒரு வரியில் முடிக்கிற அப்பீல் தீர்ப்பு ஹைகோர்ட்டில் நிற்காது.

விடுதலையை எதிர்த்து வருகிற அப்பீல் இன்னும் சிக்கல். இத்தனை வருஷம் போலீஸ் பக்கம் நின்ற மனசு, தண்டிக்கத்தான் துடிக்கும். இரண்டு முடிவுக்கும் சாட்சியத்தில் இடமிருந்தால் விடுதலையில் கை வைக்கக் கூடாது. சுப்ரீம் கோர்ட்டு சொன்னது, சந்திரப்பா வழக்கு, 2007. படி.

ஹைகோர்ட்டுக்குப் பரீட்சை கிடையாது. மாவட்ட நீதிபதி வழியாகப் போனால் பத்து வருஷம் நீதிபதி வேலை பார்த்திருக்க வேண்டும், பிறகு மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் பரிந்துரைக்க வேண்டும். அங்கே ஓய்வு வயது 62. நாற்பதில் உள்ளே போனால்கூட ஐம்பதுக்கு அப்புறம்தான் பேச்சே வரும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். ராஜினாமா மட்டும் வேண்டாம்.

எங்கள் காலத்தில் என்னைப் போன்ற ஏ.பி.பி. இந்தத் தேர்வை எழுதவே முடியாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன் அல்லவா? தேர்வு விதி குழப்பமாக இருந்தது நிஜம். ஆனால் விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தியும் செய்து பீரோவில் வைத்திருந்தேன். கடைசித் தேதி போகட்டும் என்று காத்திருந்தேன். தோற்றால் எழும்பூர் கோர்ட்டு முழுக்கத் தெரிந்துவிடுமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு விதியைச் சாக்காக்கிக்கொண்டேன். 'உங்கள் பரீட்சையை அவள் எழுத வேண்டுமா?' என்று அம்மா நேற்று கேட்டாள். வாய் அடைத்துவிட்டது.

என் சி.பி.சி. புத்தகம் 2002 திருத்தத்துக்கு முந்தையது, பாதி உதவாது. பாரிமுனையில் புதியது வாங்கி அனுப்பட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்.

அப்பா