நாகக்கடி: அது உறக்கமல்ல

ஐயா,

நாகம் தீண்டிய நாய் அமைதியாக உறங்கியபடி இறந்ததாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தி தவறான புரிதலைத் தருகிறது. நாகத்தின் நரம்பு நஞ்சு, நரம்பும் தசையும் சேருமிடத்தில் நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கும் ஏற்பிகளை அடைத்துவிடுகிறது; மூளைக்குள் அது எளிதில் நுழைவதில்லை. ஆகவே இமை தொங்கி, எச்சில் வடியக் கிடக்கும் விலங்குக்கு, மூச்சு தடைபடும் வரை பெரும்பாலும் நினைவிருக்கும், வலியும் தெரியும். அசைய மட்டும் முடியாது. விழுங்கும் தசைகள் தளர்ந்த நிலையில் வாயில் ஊற்றும் நீரும் மருந்தும் நுரையீரலுக்குள் இறங்கிவிடுவதைச் சிகிச்சையில் காண்கிறோம். நச்சுமுறி மருந்தின் அளவும் உடல் எடையைப் பொறுத்ததல்ல, ஏறிய நஞ்சைப் பொறுத்தது. சிறிய நாய்க்குக் குறைவாகப் போதும் என்று எண்ணக் கூடாது. இனி இத்தகைய செய்திகளோடு, வாய்வழி எதுவும் தராமல், நடக்கவிடாமல் தூக்கிச் சென்று உடனே மருத்துவரிடம் சேர்க்கும்படி ஒரு குறிப்பையும் வெளியிட வேண்டுகிறேன்.

– கால்நடை மருத்துவர் ஒருவர்