திருமுகத்தின் பெயரை அடித்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கலுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடக்கும் திரையிடலில் உங்கள் பட்டியல்படியே படம் ஓடட்டும். அதே வாரம் திருப்பாதிரிப்புலியூரில் இயக்குநர் எம்.ஏ.திருமுகத்தின் படங்களைத் தனியாகத் திரையிடுகிறேன். 'வேட்டைக்காரன்' வந்ததும் பொங்கலுக்குத்தான், 1964இல். நேரில் சொல்லாததற்கு மன்னியுங்கள். நேரில் வந்தால் பாசமாகப் பேசியே என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

பட்டியலில் அவர் பெயரைக் கோடு போட்டு அடித்தபடி சொன்னீர்களே, "சண்டை போட்டது வாத்தியார், காசு போட்டது தேவர். அண்ணன் கம்பெனியில தம்பிக்கு ஒரு நாற்காலி, அவ்வளவுதான்." அந்த வாக்கியம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. யார் யார் சிரித்தார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். அவர்களும் இதைப் படிப்பார்கள்.

திருமுகத்தின் அண்ணன் சின்னப்பா தேவரின் கம்பெனியான தேவர் பிலிம்ஸில் வாத்தியார் எம்.ஜி.ஆர். நடித்த 16 படங்களையும் இயக்கியவர் திருமுகம். முதல் படம் 'தாய்க்குப்பின் தாரம்' (1956). அதன் பிறகு 1961 வரை எம்.ஜி.ஆர். அங்கே நடிக்கவில்லை. அந்த இடைவெளியில், 1957இல், நடிகர் ரஞ்சனைக் குதிரையில் ஏற்றித் திருமுகம் 'நீலமலைத் திருடன்' எடுத்தாரே, அதில் எந்த வாத்தியார் இருந்தார்? 1971இல் இந்தியில் ராஜேஷ் கன்னாவையும் யானைகளையும் வைத்து 'ஹாத்தி மேரே சாத்தி' எடுத்தார். அதுவும் நாற்காலி தந்த வெற்றியா?

அவர் அடிப்படையில் எடிட்டர். அதைத்தான் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. 'தாய்க்குப்பின் தார'த்தின் காளைச் சண்டையை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். இந்த மாதிரிச் சண்டை எதிலும் நாயகனைக் கொம்புக்கு முன்னால் நெடுநேரம் நிறுத்த முடியாது. காளையைத் தனியாக, ஆளைத் தனியாக எடுத்து எடிட்டிங் மேசையில்தான் சேர்க்க வேண்டும். காளை இடமிருந்து வலமாக வந்தால் ஆள் இடப்பக்கம் பார்க்க வேண்டும். பார்வை பிசகினால் இருவரும் வேறு வேறு ஊரில் நிற்பார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எடுத்தால் நிழலே காட்டிக்கொடுத்துவிடும். குத்துச்சண்டைக்கும் இதே கண்டிப்பு உண்டு. கேமரா அடி வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் இருந்தால் முகத்துக்கும் முஷ்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், அடி விழும் இடத்தில் இரண்டு ஃபிரேமை எடுத்தால் வேகம் கூடும், ஐந்தாறை எடுத்தால் படம் எகிறும். கேமராவை நொடிக்கு 20 ஃபிரேமில் ஓட்டி எடுத்து, திரையில் 24இல் ஓட்டினாலும் வேகம் வரும், ஆனால் வேட்டி நுனியும் புழுதியும் படபடத்துக் காட்டிக்கொடுக்கும். அந்தக் காலத்தில் பிலிமில் ஒட்டுப் போட்ட இடத்தைத் திரும்பப் பிரித்தால் ஒரு ஃபிரேம் போய்விடும். அதனால் கத்தி வைக்கும் முன்பே கணக்கு மனதில் இருக்க வேண்டும்.

வெட்டு எங்கே விழுகிறது என்று பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான், அண்ணே. அந்தக் கண்ணுக்கு நான் என்றும் கடன்பட்டவன். அதே கண்ணை வெளிநாட்டுப் படங்களுக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்களே என்பதுதான் தாங்கவில்லை. பாட்டும் தாய்ப்பாசமும் வந்தால் கைவேலை கீழாகிவிடுமா? அவர் படங்களில் கதை ஒரே அச்சுதான், ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் ஒன்றுபோல இருக்கும்போது சண்டை ஏன் ஒன்றுபோல இல்லை என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா?

உங்கள் புரொஜெக்டர் சனிக்கிழமை ஒருநாள் வேண்டும். சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். தரமாட்டேன் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்.