‘அறுத்துட்டு மறுபடி செய்’ என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கார் ஷெட்டில் நான் செய்துகொண்டிருந்த வண்டி ஓடிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பர் ஒருவரின் தரிசு நிலத்தில், சரியாக 11 நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் நானே இறங்கிவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இந்த 11 நிமிடத்துக்கு ஆன காலம் இரண்டரை வருடம். அத்தனை நாளும் எங்கள் கார் ஷெட்டில் கார் நின்றதே இல்லை.

இந்த மடலில் உங்கள் யாருடைய பெயரையும் போடவில்லை. போட்டால் நிச்சயம் ஒருவரை விட்டுவிடுவேன். அந்த ஒருவரிடம்தான் அடுத்த வாரம் டிரில் பிட் கேட்டுப் போக வேண்டியிருக்கும். படித்துக்கொண்டே வரும்போது உங்கள் இடம் வந்தால் உங்களுக்கே தெரியும்.

மண்ணிலும் மேட்டிலும் ஓட்டுகிற பக்கி வண்டி ஒன்று செய்யப்போகிறேன் என்று முதன்முதலில் சொன்னபோது பாட்டி, “யாரைடா பக்கின்னு திட்டுற?” என்று கேட்டார். வண்டியின் பெயரே அதுதான் என்று விளக்கினேன். இரண்டரை வருடத்தில் அந்தப் பட்டம் வண்டிக்கா எனக்கா என்ற சந்தேகம் வீட்டில் வேறு பலருக்கும் வந்துபோனது.

இந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்ட நண்பனுக்கும் நன்றி. 1964-ல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் தன் வீட்டு கேரேஜில் ஃபைபர்கிளாஸ் உடம்போடு ‘மேயர்ஸ் மான்க்ஸ்’ என்கிற மணல்வெளி வண்டியைச் செய்த கதையை அவன்தான் சொன்னான். மேயர்ஸ் அதற்கு முன்பே ஃபைபர்கிளாஸில் படகு கட்டிப் பழகியவர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டான். அவருக்கு அது கைவந்த கலை. எனக்குக் கலை எதுவும் கைவரவில்லை, ஆட்கள்தான் வந்தார்கள்.

வந்தவர்களை நினைத்துப் பார்த்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். கை கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் கையைப் பிடித்து நிறுத்தியவர்கள்தான் அதிகம். இந்த மடல் பெரும்பாலும் அவர்களுக்கு.

முதல் வணக்கம் வெல்டிங் அக்காவுக்கு. பாதுகாப்புக் கூண்டு கட்டுவதற்காக நான் வாங்கி அடுக்கியிருந்த குழாய்களை வந்து பார்த்தார். ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது தண்ணிக் குழாய் தம்பி” என்றார். “தடிமனாத்தானே இருக்கு” என்றேன். தண்ணீர்க் குழாய் தண்ணீரின் அழுத்தத்துக்கு என்று செய்தது. வண்டி குப்புற உருளும்போது மேலே வந்து விழுகிற எடையை மடங்காமல் தாங்குவது அதன் வேலையே இல்லை. போதாததற்கு அதன்மேல் துத்தநாகப் பூச்சு. வெல்டிங் சூட்டில் துத்தநாகம் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் வரும். அக்காவுக்கே ஒருமுறை வந்திருக்கிறதாம். சரி என்று அத்தனையையும் ஒதுக்கினேன். இப்போது அது போல்ட் போட்டு முடுக்கிய சாமான் அடுக்காக ஷெட்டின் இடது சுவரோரம் நிற்கிறது, நல்ல உறுதியான அடுக்கு. கூண்டுக்கு 38 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தையலில்லா எஃகுக் குழாய் வந்தது.

மிக் வெல்டிங் மெஷினையும் (கம்பியும் காக்கும் வாயுவும் தானாக வரும் வகை) அக்காதான் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: வண்டியில் கை வைப்பதற்கு முன் துண்டுக் குழாய்களில் 40 ஒட்டு போட வேண்டும், ஒவ்வொன்றையும் குறுக்கே அறுத்துக் காட்ட வேண்டும். முதல் பத்தும் பார்க்க அழகோ அழகு. காசுகளை அடுக்கிச் சரித்துவிட்டது போல வரிவரியாக வந்திருந்தன. அறுத்துப் பார்த்தால் உள்ளே குழாய் உருகவே இல்லை. மேலே விழுந்த உலோகம் சும்மா படுத்திருந்தது. “அழகா இருக்கு, ஆனா ஒட்டலையே” என்றார். அப்புறம் வோல்டேஜைக் கூட்டி, கை வேகத்தைக் குறைத்து, மறுபடி ஆரம்பம். இருபதாவது ஒட்டு வாக்கில் புழுக்கம் தாங்காமல் ஃபேனைப் போட்டேன். அன்று போட்டது எல்லாம் பஞ்சு மாதிரிப் பொத்தல். உருகிய உலோகத்தைக் காற்று அண்டாமல் மூடி நிற்பது மெஷினிலிருந்து வரும் வாயுதான்; அதை என் ஃபேன் ஊதித் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

நாற்பதும் முடிந்த பிறகும் கூண்டின் முக்கியமான ஒட்டுகளை அக்காவே போட்டார். எனக்கு டாக் வைப்பதும் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சின்ன ஒட்டு) சின்னச் சின்ன பிராக்கெட்டுகளும் மட்டும். ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டு போனால் சூட்டில் சட்டம் இழுத்துக்கொள்ளும் என்று மூலைக்கு மூலை மாறி மாறிப் போட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சொல்ல வேண்டும். கடைசியில் வித்தியாசம் 2 மில்லிமீட்டர். வண்டியைப் பார்க்க வந்தவர்கள் “வெல்டிங் எல்லாம் நீயா?” என்று கேட்கும்போது கொஞ்சம் இழுத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன்: இல்லை.

எங்கள் கூட்டத்திலேயே உயரமானவனுக்கு ஒரு நன்றி. அவன் செய்த உதவி சீட்டில் உட்கார்ந்தது, அவ்வளவுதான். கூண்டு டாக் அடித்து நின்றபோது நானே உள்ளே உட்கார்ந்து, தலைக்கு மேல் நிறைய இடமிருக்கிறது என்று திருப்திப்பட்டிருந்தேன். அவன் வரும்போது பைக் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே ஏறி உட்கார்ந்தான். டங் என்று ஒரு சத்தம். ஹெல்மெட் இல்லாமல், அதுவும் என் உயரத்துக்கு, அளவெடுத்திருக்கிறேன். பின் வளைவு முழுவதையும் அறுத்து எடுத்து உயரமாக வேறொன்று வளைத்தோம். இப்போது அவன் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தாலும் மேலே ஒரு முழுக் கைமுஷ்டி போகும்.

எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றித்தான் இந்த மடலில் நிறைய எழுத வேண்டும். 30 வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வருடம் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவாரே தவிர வாயைத் திறக்கவில்லை. முன் சக்கரங்களை மாட்டிய அன்றைக்குத்தான் உள்ளே வந்தார். ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்னார். சக்கரத்தில் நேரான அலுமினியப் பட்டை ஒன்றைக் கட்டி, அடியில் ஜாக்கி வைத்து, மெல்ல மேலே ஏற்றினார். பட்டையின் முனை கதவுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனது. ஸ்டியரிங்கை யாரும் தொடவில்லை.

“ஒவ்வொரு பள்ளத்துலயும் வண்டி அதுவா திரும்பும். நீ எதுக்கு, ஸ்டியரிங் எதுக்கு?” என்றார்.

விஷயம் இதுதான். சக்கரத்தைத் தாங்கும் மேல் கையும் கீழ்க் கையும் ஒரு வளைவில் ஏறி இறங்குகின்றன. ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராடும் அதே வளைவில் போக வேண்டும். போகாவிட்டால் ஏறும்போதும் இறங்கும்போதும் அது சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் அல்லது தள்ளும். முன்னாலிருந்து பார்த்து மூன்றையும் நேர்கோடாக நீட்டினால் மூன்றும் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். டை ராடின் உள்மூட்டும் இரண்டு கைகளின் உள்மூட்டுகளைச் சேர்க்கிற கோட்டில் விழ வேண்டும். பெரியவர் சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினார். நூல் கட்டியும் காட்டினார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் டை ராடுகளை இடவலமாகத் தள்ளுகிற ராக்கை நான் பொருத்தியிருந்த இடத்துக்கு ஒரே காரணம் அங்கே ஏற்கெனவே ஒரு பிளேட் இருந்ததுதான். அந்த பிளேட்டை அறுத்தோம். ராக்கை 22 மில்லிமீட்டர் இறக்கினோம். மூன்று ஞாயிறு போனது. இப்போதும் துளி திரும்பத்தான் செய்கிறது, ஆனால் சக்கரம் முழுதும் ஏறி இறங்கினாலும் பட்டையின் முனையில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

போல்ட் டப்பாவையும் அவர்தான் கொட்டிக் கிளறினார். தலையில் எண் இல்லாத போல்ட் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கின. 8.8 என்று இருந்தால், முதல் 8 அது 800 மெகாபாஸ்கல் இழுவிசையில்தான் அறும் என்று சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாது என்று சொல்கிறது. எண்ணில்லாதது எதுவும் சொல்வதில்லை. “பேசாத போல்ட்டை நம்பாதே” என்றார், ஒரு வருடம் பேசாமல் நின்றவர். முடுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் பிராக்கெட்டைத் தொடும்படி மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குத் திரும்ப வருகிறேன்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் சித்தப்பா மகனுக்கு நன்றி. ஷாக்கின் அடிமுனையைக் கீழ்க் கையில் பாதி தாண்டி, சுமார் 70 சதவீத நீளத்தில் மாட்டியிருந்தேன். அப்படியானால் ஸ்பிரிங்கின் விறைப்பில் 70 சதவீதம் சக்கரத்துக்குப் போகும் என்பது என் கணக்கு. அவன் ஒரு காகிதத்தை எடுத்து, விசையும் அந்த விகிதத்தில் குறையும், நகரும் தூரமும் அந்த விகிதத்தில் குறையும், ஆகவே இரண்டு தடவை பெருக்கணும் என்று போட்டுக் காட்டினான். 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 0.49. நான் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங் பாதிதான் வேலை செய்யும். வண்டி வயிறு தரையில் தட்டியிருக்கும்.

எஞ்சின், முன்பக்கம் நொறுங்கிப்போன ஒரு 600 சிசி பைக்கிலிருந்து வந்தது. அதைக் கொடுத்த நண்பருக்கு நன்றி. பைக் வளைவில் சாயும், நாலு சக்கர வண்டி சாயாது. அதனால் வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் வெறும் காற்றை உறிஞ்சும் என்று எச்சரித்து, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் அடித்துக் கொடுத்த லேத் நண்பருக்கும் நன்றி.

அந்த எஞ்சின் மூன்று ஞாயிறு கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும், பெட்ரோல் வரும், ஸ்பார்க் மட்டும் வராது. ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், காயிலை மாற்றினேன், கேட்க ஆளில்லாத நேரத்தில் எஞ்சினைத் திட்டவும் செய்தேன். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து, நான் வெட்டத் தயாராக வைத்திருந்த ஒயர்க் கட்டைப் பிடுங்கிக்கொண்டார். ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டிக்கொண்டே வந்தவர் கையில் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்று அகப்பட்டது. பைக் கீழே விழுந்தால் எஞ்சினை அணைக்கிற சென்சார். அது மேஜையில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. பைக் விழுந்து கிடக்கிறது என்று மூன்று வாரமாக அது உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. நிமிர்த்தி வைத்தார். கிளம்பிவிட்டது.

பிரேக்குக்கு நன்றி என் மகளுக்கு. ஒரு முழு நாள் பெடலை மிதித்து, திரவம் ஊற்றி, மறுபடி மிதித்து, பெடல் பஞ்சுமெத்தையாகவே இருந்தது. வீட்டுப்பாடத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், “குமிழி மேலேதானேப்பா போகும்? நீ ஏன் கீழே திறந்துவிடுற?” என்றாள். குனிந்து பார்த்தேன். பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களில் இடது பக்கத்ததை வலது பக்கத்திலும், வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். காற்றை வெளியே விடுகிற நிப்பிள் இரண்டிலும் அடியில் இருந்தது. காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருந்தது. மாற்றி மாட்டிய அரை மணியில் பெடல் கல்லாக நின்றது.

அக்கம்பக்கத்தாருக்கு நன்றியோடு மன்னிப்பும். குறிப்பாக, இரவு வேலை முடித்துவந்து பகலில் தூங்கும் மாடி வீட்டுக்காரருக்கு. சண்டை போட எல்லா நியாயமும் இருந்தும், தூங்கும் நேரத்தை ஒரு தாளில் எழுதி ஷெட் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. நான்கு முறை மீறியிருக்கிறேன். அவர் கணக்கில் கூடுதலாக இருக்கலாம்.

என் மனைவி போட்ட சட்டங்கள் இரண்டு. ஷெட்டுக்குள் தீப்பொறி பறக்கிற வேலை என்றால் பெட்ரோல் டேங்க் வெளியே இருக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது சட்டம் ஓர் இரவுக்குப் பிறகு வந்தது. ஒரே ஒரு டாக்தானே என்று முகமூடி போடாமல், கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றல்ல, ஏழெட்டு அடித்திருந்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவுக்கு மேல் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. விளக்கைக்கூடப் பார்க்க முடியவில்லை. மருத்துவரிடம் கூட்டிப்போய் வந்து, விடியும்வரை பக்கத்தில் இருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் முகமூடி, வெல்டிங் மெஷினின் சுவிட்சோடு சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அதை எடுக்காமல் சுவிட்சைத் தொட முடியாது.

இப்போது அந்த பன்னிரண்டாவது நிமிடம். ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோன வண்டி, மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, தானாகத் திரும்பவில்லை. அப்புறம் முன்பக்கத்தில் ‘டக்’ என்று ஒன்று. நிறுத்தி இறங்கிப் படுத்துப் பார்த்தேன். இடது கீழ்க் கையின் நட்டில் மஞ்சள் கோடு இரண்டாக உடைந்திருந்தது, அரை விரல்கடை விலகி. பிராக்கெட்டுக்கு நான் தாராளமாக அடித்திருந்த பெயின்ட், வாஷருக்கு அடியில் நசுங்கி இறுக்கத்தை விட்டுவிட்டது. பெரியவரை அழைத்தேன். “இன்னைக்கு இது போதும், ஏத்து” என்றார். முடுக்கிவிட்டு இன்னும் ஒரு சுற்று போகலாமே என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஏற்றினோம். அத்தனை பிராக்கெட்டிலும் வாஷர் உட்காரும் இடத்துப் பெயின்ட்டை இந்த வாரம் முழுக்கச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

இரவல் வாங்கியதெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். குழாய் வளைக்கும் மெஷின், அந்த அலுமினியப் பட்டை, இரண்டு ஜாக்கி, டார்க் ரெஞ்ச். சி கிளாம்ப் மட்டும் கணக்கு உதைக்கிறது: ஐந்துதான் வாங்கினேன், ஆறு இருக்கிறது. ஆறாவதின் கைப்பிடியில் பச்சைத் துணி சுற்றியிருக்கும். யாருடையதோ, ஞாயிறு காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு கை கொடுத்து வண்டியை ஷெட்டுக்குள் தள்ளிவிட்டுப் போங்கள். பைக் எஞ்சின், ரிவர்ஸ் கியர் கிடையாது.