டிக் அடித்தால் தொழில்முனைவோரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐடிஐ மாணவர்களின் தொழில்முனைவுத் திறனை அளக்கிறோம் என்று கேள்வித்தாளோடு வருகிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. கோவைப் பக்கம் எலெக்ட்ரீஷியன் பிரிவில் பல வருடம் பாடம் எடுத்தவன் நான், அந்தத் தாளை வகுப்பில் நானே கொடுத்தும் இருக்கிறேன். 'நான் சவாலை விரும்புகிறேன்', 'புது யோசனைகள் எனக்குத் தோன்றும்' என்று வரிசையாக வரிகள், எதிரே 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி ஐந்து கட்டம். சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரத்தில் கொடுத்தால் பையன்கள் என்ன செய்வார்கள்? மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் டிக்.

ஒருமுறை அதில் கடைசியாக வந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டிக் காசு பார்த்துக்கொண்டிருந்த பையன். 'ரிஸ்க் எடுக்கத் தயார்' என்ற வரிக்கு இல்லை என்று போட்டிருந்தான். ஏன்டா என்றால், "காப்பர் வெல தெனம் மாறுது சார், அட்வான்ஸ் வாங்காம கம்பி எடுத்தா நான் காலி" என்கிறான். அந்த வகுப்பில் அவனைவிடத் தொழில் தெரிந்தவன் எவன்? தையல் பிரிவில் ஒரு பெண், வாரம் ஏழெட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள், 'தொழில் செய்கிறீர்களா' என்பதற்கு இல்லை என்று எழுதியிருந்தாள். கேட்டால், "அது சும்மா வீட்ல தைக்கிறதுங்க சார்."

1964-ல் ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் மெக்கிளெல்லண்ட் ஆந்திராவின் காக்கிநாடா சிறுவணிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, மனசு மாறிவிட்டதா என்று கேட்டதோடு நிற்கவில்லை. அவர் குழுவினர் திரும்பவும் போய், புதுத் தொழில் தொடங்கினார்களா, முதலீடு போட்டார்களா, ஆள் சேர்த்தார்களா என்று பார்த்தார்கள். பக்கத்து மாநிலத்தில் அறுபது வருடத்துக்கு முன்பே நடந்த காரியம் இது. நாம் இன்னும் டிக் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எப்போது அளப்பது? பத்தாவது முடித்து இரண்டு வருடம் ஐடிஐ படித்தவனுக்கு 18 வயசு இருக்கும். புதுத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் கடனும் மானியமும் கேட்கவே 21 ஆக வேண்டும், அதுவரை அவன் எங்கேயாவது கூலிக்குத்தான் போவான். கடைசிப் பரீட்சை வாரத்தில் அவன் தொழில் தொடங்குவானா என்று அளந்து என்ன ஆகப்போகிறது? மூன்று வருடம் கழித்து ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அதற்கு ஆளும் பணமும் பிடிக்கும்தான், ஆனால் கிடைக்கிற பதில் உண்மையாக இருக்கும்.

அதுவரை வகுப்பிலேயே கேட்டாக வேண்டும் என்றால் இதைக் கேளுங்கள்: கடைசியாக நீயே விலை பேசிச் செய்து கொடுத்த வேலை எது, அந்தப் பணம் முழுதாக வந்ததா, வராத பாக்கிக்கு என்ன செய்தாய்? இதற்கு ஐந்து கட்டம் வேண்டாம், நாலு வரி எழுத இடம் விட்டால் போதும்.

ஓய்வுபெற்ற ஐடிஐ பயிற்றுநர்,
கோவை.