நம் வீட்டு ஆழாக்கு

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

மூன்று வாரமாகப் போன் இல்லை. வந்தது ஒரே செய்தி, ஆழாக்கு அரிசி எத்தனை கிராம், ஒரு ஆளுக்குப் போதுமா என்று. ஷார்ஜாவில் கம்பெனி மெஸ்ஸிலேயே மூன்று வேளையும் போடுகிறார்கள் என்று நீதானே சொன்னாய்? சரி, வாய்க்குப் பிடிக்காமல் போயிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

படிக்கு எட்டு ஆழாக்கு, உழக்குக்கு இரண்டு. ஆறாவது படிக்கும்போதே இதைத் தலைகீழாகச் சொல்வாய். ஆழாக்கு 168 மில்லி என்கிறாள் உன் தங்கை. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லியாம், ஆழாக்குக்குக் கொஞ்சம் கூட. ஆனால் மில்லியும் கிராமும் ஒன்று என்று நினைத்துவிடாதே, அது தண்ணீருக்குத்தான். ஆழாக்குப் புழுங்கலரிசி 140 கிராம்தான் நிற்கும். கேப்பை மாவு இன்னும் குறையும், அதையே அமுக்கி அள்ளினால் ஏறிவிடும். அமுக்காமல் அள்ளு. குழம்புக்கு எலுமிச்சங்காய் அளவு புளி என்பேனே, அது 30 கிராம்.

உப்பில்தான் கவனம். இங்கே வாலிநோக்கம் கல் உப்பு, நீ அங்கே வாங்குவது தூள். கல்லுக்கு நடுவே இடைவெளி இருக்கும், தூள் நெருங்கி உட்காரும். நான் ஒரு ஸ்பூன் என்றால் நீ முக்கால் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. அப்பாவுக்கு முட்டுவலி அப்படியேதான்.

அந்த 140 கடைக்காரருடைய ஆழாக்கில் அளந்தது. நம் வீட்டு ஆழாக்கையும் கொண்டுபோய் அதே தராசில் நிறுத்தேன். 118தான் காட்டியது. "அடி நசுங்கியிருக்கே அக்கா" என்றார். நான் பேசாமல் வந்துவிட்டேன்.

அது தானாக நசுங்கவில்லை தம்பி. அப்போது மீன்பிடித் தடைக்காலம் 45 நாள், இப்போதுபோல 61 இல்லை. அதையே தாண்ட முடியவில்லை. படகு கரையில் நின்றால் அப்பாவுக்குக் கூலி ஏது? நான் அரிசி அளக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாய், நாலு விழுந்தால்தான் எழுந்திருப்பாய். அதனால் ஒருநாள் மத்தியானம், நீங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு, ஆழாக்கைக் கவிழ்த்து வைத்து அம்மிக்குழவியால் அடியில் இரண்டு போடு போட்டேன். அன்று ராத்திரி "இன்னும் பசிக்குதும்மா" என்றாய். "நாலு போட்டதை எண்ணினாயே" என்று அதட்டினேன். நீ என்னை நம்பிப் படுத்துக்கொண்டாய். அப்புறம் ஒருநாளும் பசிக்கிறது என்று கேட்டதில்லை. இன்றைக்கும் "சாப்பிட்டாயா" என்றால் "ஆச்சும்மா" என்றுதான் சொல்கிறாய்.

தடைக்காலம் முடிந்து கூலி வந்த பிறகாவது நிமிர்த்தியிருக்கலாம். செய்யவில்லை.

ஒரு ஆளுக்கு ஆழாக்கு போதாது. நம் வீட்டு அளவை வைத்துப் போடாதே. இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம், தங்கை பீஸுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த 180 கப்பில் ஒன்றரை போடு. தலை தட்டாதே.

அம்மா
தங்கச்சிமடம்